மிதவைகளோடு ஒரு பீவர்

வானொலிக் கட்டுப்பாட்டில் இயங்கும் நீர்விமான மாதிரி ஒன்றைக் கட்ட நினைப்பவர், பெட்டியைத் திறப்பதற்கு முன்பே ஒரு தேர்வைச் செய்தாக வேண்டும். விமானத்தின் உடலே படகாக அமைந்திருப்பது ஒரு வகை. வழக்கமான விமானத்தின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு அடியில் இரண்டு மிதவைகளைப் பூட்டுவது மற்றொரு வகை. முதல் வகையில் எனக்கு நெடுநாள் ஆசை உண்டு. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி கொக்கலையிலிருந்து கற்றலீனா படகுவிமானத்தில் புறப்பட்டு, இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு முன்கூட்டியே செய்தி அனுப்பிய லெனார்ட் பேர்ச்சல், ஒன்ராறியோவின் சென் கத்தரீன்சில் பிறந்தவர் என்பதை அறிந்ததிலிருந்து அந்த ஆசை இன்னும் கூடியது. ஆனால் கற்றலீனா மாதிரிக்கு இரண்டு மோட்டார்கள் வேண்டும். இறக்கை நுனிகளில் சிறு மிதவைகள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உடலுக்குள் நீர் கசிந்தால் பற்றரியும், ரிமோட்டின் கட்டளைகளை வாங்கும் ரிசீவரும் அதே நீரில்தான் கிடக்கும். மிதவை வகையில் கசிவு மிதவையோடு நின்றுவிடும். கோடை முடிந்தபின் மிதவைகளைக் கழற்றிச் சக்கரத்தையோ பனிச்சறுக்குக் கட்டைகளையோ பூட்டிக்கொள்ளவும் முடியும். முதல் நீர்விமானத்துக்கு இந்த வகையே ஏற்றது என்பதில் எனக்கு இப்போதும் ஐயமில்லை.

ரொறன்ரோவில் வாழும் ஒருவர் மிதவை விமானம் என்று தேடினால் பீவரைத் தாண்டிப் போவது கடினம். டி ஹாவிலண்ட் கனடா நிறுவனம் இந்நகரின் டவுன்ஸ்வியூவில் உருவாக்கிய அந்த விமானம் 1947 ஆகஸ்ட் 16 அன்று முதன்முதலாகப் பறந்தது. ஓடுபாதை இல்லாத வடபகுதி ஏரிகளில் ஆட்களையும் பொருட்களையும் இறக்குவதற்கென்றே அமைக்கப்பட்ட அது, 1,600க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்டு, இன்றும் பல நாடுகளில் வேலை செய்துகொண்டிருக்கிறது. உயரத்தில் அமைந்த நீண்ட நேரான இறக்கை, பெரிய வால், மெதுவான இறக்கம் ஆகிய அதன் இயல்புகள் மாதிரி கட்டுபவருக்கும் அப்படியே கைகொடுக்கின்றன. அசலின் இறக்கை நீளம் 14.63 மீற்றர், என்னுடையது 1.5 மீற்றர் நீளமுள்ள ஃபோம் மாதிரி. ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. மிதவைகளோடும் மூன்று செல் லிப்போ (லித்தியம் பொலிமர்) பற்றரியோடும் 1.9 கிலோகிராம் எடை வருகிறது.

உடல், இறக்கை, வால் ஆகியவற்றை இணைப்பதில் சொல்வதற்கு அதிகமில்லை. இப்போதைய ஃபோம் கிட்களில் சேர்வோக்களும் (சுக்கான் போன்றவற்றை அசைக்கும் சிறு மோட்டார்கள்) புரொப்பெல்லரைச் சுற்றும் மோட்டாரும் பெரும்பாலும் பூட்டப்பட்டே வருகின்றன. ஒரு மாலைப்பொழுதில் வேலை முடிந்துவிடும். பெட்டியில் வந்த சாதாரண இரும்பு ஆணிகளை மட்டும் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட்டு, அதே அளவில் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளை வாங்கிப் போடுவது நல்லது. சில டொலர் செலவில் முடிகிற இந்த மாற்றம், அடுத்த கோடையில் துருவேறிய ஆணியைக் கழற்றப்போய் ஃபோமைப் பிய்த்துக்கொள்ளும் தொல்லையைத் தவிர்க்கும்.

நேரமும் பொறுமையும் செலவாக வேண்டிய இடம் மிதவைகள். நீர்விமானம் நீரை விட்டு எழ மறுத்தால் பலர் உடனே பெரிய மோட்டாரைத் தேடுகிறார்கள். நான் பார்த்தவரையில் குறை மோட்டாரில் இருப்பது அரிது. மிதவை பூட்டப்பட்ட இடத்திலும் கோணத்திலும்தான் அது இருக்கும்.

மிதவையைப் பக்கவாட்டில் பார்த்தால், அடிப்பகுதி நடுவில் ஓர் இடத்தில் சட்டென்று வெட்டுப்பட்டு, பின்பாதி சற்று உயரத்தில் தொடர்வது தெரியும். அந்த வெட்டைப் படி என்கிறோம். நீர் வளைந்த பரப்பை விடாமல் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. படி இல்லாவிட்டால் மிதவையின் பின்பாதி நீரோடு ஒட்டியபடியே இழுபட, விமானம் எவ்வளவு வேகம் எடுத்தாலும் மூக்கைத் தூக்க முடியாது. படியில் நீரோட்டம் அறுந்து காற்று உள்ளே புகுந்தவுடன், விமானம் அந்த ஒற்றை விளிம்பின் மேல் வழுக்கி ஓடத் தொடங்குகிறது. ஆகவே அந்த விளிம்பு விமானத்தின் சமநிலைப் புள்ளிக்கு நேர் கீழேயோ, அதற்கு மிகச் சற்றுப் பின்னாலோ இருக்க வேண்டும். மிகவும் பின்னால் போனால், மூக்கை ஏற்றி இறக்குவதற்காக வாலில் உள்ள அசையும் தகடான எலிவேற்றரால் மூக்கைத் தூக்க முடியாது. முன்னால் வந்துவிட்டால் வால் அமிழ்ந்து, ஓடும்போது மூக்கு மேலும் கீழுமாக ஆடும்.

இதைச் சரிபார்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. பற்றரி உட்பட எல்லாவற்றையும் பூட்டிய நிலையில் விமானத்தை இரண்டு விரல்களில் தாங்கிச் சமநிலைப் புள்ளியைக் கண்டு, இறக்கையின் அடியில் பென்சிலால் குறித்துக்கொண்டேன். மிதவைகளைப் பூட்டியபின் இதை மறுபடி செய்ய வேண்டும். சக்கரங்களோடு இருந்த புள்ளி மிதவைகளோடு அப்படியே இருக்காது. பிறகு விமானத்தை மேசையில் மட்டமாக நிறுத்தி, குறியிலிருந்து ஒரு நூலில் சிறு நட்டைக் கட்டித் தொங்கவிட்டேன். கிட்டில் இருந்த துளைகளின்படி பூட்டியபோது நட்டு படிக்குப் பின்னால் விழுந்தது. மிதவையின் மேற்தளத்தில் முன்பக்கமாகப் புதிய துளைகளை இட்டு, தாங்கு கால்களை அவற்றில் பூட்டியபோது, மிதவை முழுவதும் பின்னால் நகர்ந்து, நட்டு படிக்கு ஒரு சென்ரிமீற்றர் முன்னால் வந்து நின்றது. இந்த அளவுள்ள விமானத்துக்கு அது போதும்.

அடுத்தது கோணம். மிதவையின் மேற்தளம் மட்டமாக இருக்கும்போது இறக்கை இரண்டு அல்லது மூன்று பாகை மேல்நோக்கி இருக்க வேண்டும். கைப்பேசியில் உள்ள மட்டம் பார்க்கும் செயலியை முதலில் மிதவையின் மேலும் பிறகு இறக்கையின் அடியில் வைத்த நேரான பலகைத் துண்டின் மேலும் வைத்து அளந்தால் வேறுபாடு தெரிந்துவிடும். மிதவையின் மூக்கு இதற்கும் கீழே சாய்ந்திருந்தால், இறங்கும் வேளையில் அது நீரைக் குத்தி விமானத்தைக் குப்புறக் கவிழ்த்துவிடும். இரு மிதவைகளும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்பதை முன்நுனிகளுக்கும் பின்நுனிகளுக்கும் இடையிலான தூரங்களை அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று நான்கு மில்லிமீற்றர் வேறுபாடு கூட விமானத்தை ஒரு பக்கமாக இழுக்கப் போதும். மிதவைகளின் முன்நுனிகள் புரொப்பெல்லருக்கு முன்னே நீண்டிருக்க வேண்டும் என்பதும் முக்கியம்.

ஃபோமில் வார்த்த மிதவைகளின் படி விளிம்பு பெரும்பாலும் உருண்டையாகவே வருகிறது. உருண்ட விளிம்பில் நீர் அறுபடாது. வளைவைச் சுற்றிக்கொண்டு பின்பாதியிலும் ஒட்டிவிடும். ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள பிளாஸ்ரிக் தகட்டில் மெல்லிய பட்டை ஒன்றை வெட்டி, ஃபோமை அரிக்காத பசையால் விளிம்பு நெடுக ஒட்டி, அது அடிப்பரப்பை விட மயிரிழை அளவு கீழே நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டேன். அந்தச் சிறு பட்டைக்குப் பிறகு நீரில் ஓட வேண்டிய தூரம் கண்கூடாகக் குறைந்தது. மோட்டாரை மாற்றியிருந்தால் இதைப்போலப் பல மடங்கு செலவாகியிருக்கும்.

மிதவையின் கொள்ளளவைப் பற்றியும் ஒரு சொல். முழு அளவு விமானங்களுக்கான விதிகள், ஒவ்வொரு மிதவையும் தான் தாங்கவேண்டிய எடையைவிட 80 விழுக்காடு கூடுதலாக மிதக்கும் திறன் உடையதாகவும், குறைந்தது நான்கு நீர்புகா அறைகளாகப் பிரிக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. இந்தக் கணக்கு மாதிரிக்கும் பொருந்தும்: 1.9 கிலோகிராம் விமானத்துக்கு இரு மிதவைகளும் சேர்ந்து ஏறத்தாழ 3.4 லீற்றர் நீரை விலக்க வேண்டும். கிட்டோடு வரும் மிதவைகள் இதைத் தாராளமாகத் தாண்டுகின்றன. வேறு விமானத்திலிருந்து கழற்றிய மிதவைகளைப் பூட்டுபவர்கள்தான் கணக்குப் பார்க்க வேண்டும். உள்ளே வெற்றிடமாக இருந்த பாகத்தை நான் ஃபோம் தடுப்புகளால் பிரித்துக்கொண்டேன்.

வாலின் அடியில் ஒட்டுவதற்காகக் கிட்டில் ஒரு சிறு துடுப்பு இருக்கும். அதை அலங்காரம் என்று எண்ணிப் பெட்டியிலேயே விட்டுவிடுபவர்கள் உண்டு. மிதவைகளின் பக்கப் பரப்பில் பெரும்பகுதி சமநிலைப் புள்ளிக்கு முன்னால் இருப்பதால், காற்றில் விமானத்தின் திசை நிலைத்தன்மை குறைந்துவிடுகிறது. அந்த இழப்பை ஈடுசெய்வதற்கே அசல் பீவரிலும் மிதவை பூட்டும்போது வாலில் கூடுதல் துடுப்பு சேர்க்கிறார்கள். அதை ஒட்டாமல் பறப்பவரின் விமானம் ஒவ்வொரு திருப்பத்திலும் வாலை ஆட்டிக்கொண்டு போவதைக் கரையிலிருந்தே காணலாம்.

நீர்ச் சுக்கான் மிதவையின் பின்நுனியில் இருக்கிறது. வால் சுக்கான் நேராக நிற்கும்போது இதுவும் மிகச் சரியாக நேராக நிற்க வேண்டும். சற்றே திரும்பியிருந்தாலும் புறப்படும் ஓட்டத்தில் விமானத்தைத் தொடர்ந்து ஒரு பக்கம் இழுக்கும். எஃகுக் கம்பிக்குப் பதிலாகப் பிளாஸ்ரிக் குழாய்க்குள் ஓடும் நைலோன் கம்பியைப் போட்டதால் துருவைப் பற்றிய கவலை ஒன்று குறைந்தது.

மின்னணுப் பகுதிகளை நீரிடமிருந்து காப்பதில் இரண்டு கொள்கைகள் உண்டு: எல்லாவற்றையும் இறுக மூடிவிடுவது, அல்லது நனைந்தாலும் கெடாதபடி செய்துவிடுவது. ரிசீவரைப் பலூனுக்குள் போட்டுக் கட்டும் பழைய முறை முதல் கொள்கையைச் சேர்ந்தது. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. உள்ளே ஒருமுறை ஈரம் புகுந்தால் வெளியேற வழியின்றி அங்கேயே தங்கிவிடும். ரிசீவரின் உறையைக் கழற்றி, சுற்றுப் பலகையின் இரு பக்கமும் மின்சுற்றுகளுக்கான சிலிக்கோன் பூச்சை மென்தூரிகையால் பூசினேன். இந்தப் பூச்சில் புற ஊதா ஒளியில் மிளிரும் பொருளைச் சில நிறுவனங்கள் கலந்திருப்பார்கள். அறையை இருட்டாக்கிச் சிறு புற ஊதா விளக்கைப் பிடித்தால், நீல ஒளியில் எங்கே பூச்சு விடுபட்டிருக்கிறது என்பது பளிச்சென்று தெரியும். இணைப்பு ஊசிகளிலும் பொத்தான்களிலும் பூச்சுப் படக்கூடாது. மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் இதே முறைதான். ஆனால் அதன் வெப்பத்தைக் கடத்தும் அலுமினியத் தகட்டை விட்டுவிட வேண்டும். சேர்வோக்களின் உறை விளிம்புகளிலும் வெளியே வரும் அச்சைச் சுற்றியும் கிரீஸ், வயர் இணைப்புகளுக்குள் மின்கடத்தாக் கிரீஸ், பற்றரி மூடியின் விளிம்பில் வாஸ்லீன். அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த மருமகன், "மாமா, இது பறக்கிற சாமான்தானே, பிறகேன் இவ்வளவு கிரீஸ் பூசுறியள்?" என்று கேட்டான். "பறக்கிறது பத்து நிமிசம்தான் தம்பி, மிச்ச நேரமெல்லாம் தண்ணிக்குள்ளைதான் கிடக்கப்போகுது" என்று சொன்னேன்.

ரிசீவரை உடலின் அடியில் வைக்காமல் இறக்கைக்கு அருகில் உயரமாகப் பொருத்துவதற்குக் காரணம் ஈரம் மட்டுமன்று. ரிமோட் அனுப்பும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைகளை நீர் விழுங்கிவிடும். ரிசீவர் நீருக்குள் போனவுடன் தொடர்பு அறுந்துவிடும். தொடர்பு அறுந்தால் மோட்டார் உடனே நிற்கும்படி முன்கூட்டியே அமைத்து, கரையில் விமானத்தைப் பிடித்துக்கொண்டு ரிமோட்டை அணைத்துச் சோதித்துப் பார்த்துவிட வேண்டும். கவிழ்ந்த விமானத்தில் புரொப்பெல்லர் நீரைக் கடைந்துகொண்டிருந்தால், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி சில நொடிகளில் எரிந்துபோகலாம்.

பறக்கும் இடம் கவார்த்தா ஏரிப் பகுதியில் நண்பர் ஒருவரின் கோடைகால வீட்டை ஒட்டிய சிறு குடா. கனடாவில் 250 கிராமுக்கும் 25 கிலோகிராமுக்கும் இடைப்பட்ட எடையுள்ள இத்தகைய விமானங்களைப் பதிவுசெய்து, ஓட்டுபவர் சான்றிதழும் பெற்றிருக்க வேண்டும். 122 மீற்றர் உயரத்துக்கு மேல் போகக்கூடாது. அடிப்படைச் சான்றிதழ் பெற்றவர் தொடர்பில்லாத மனிதர்களிடமிருந்து 30 மீற்றர் தள்ளியே பறக்கவிட வேண்டும். நீரில் நீந்துபவரின் தலை தொலைவிலிருந்து கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால், யாரும் குளிக்க இறங்காத காலை வேளையையே தேர்ந்தெடுக்கிறோம்.

முதல் நாளில் பறக்கவே கூடாது என்பது என் கருத்து. நீரில் மெதுவாக ஓட்டி, வளைத்து, பிறகு வேகமாக ஓட்டி, படியின் மேல் ஏறுகிறதா என்று பார்த்து, கரைக்குக் கொண்டுவந்து மிதவைகளைத் திறந்து பார்ப்பதே அன்றைய வேலை. மெதுவாக ஓடும்போது எலிவேற்றரை முழுவதும் மேலே பிடித்திருக்க வேண்டும். அப்போதுதான் மிதவை மூக்குகள் நீரைவிட்டு உயர்ந்து, புரொப்பெல்லரில் நீர் தெறிப்பது குறையும். காற்று வீசினால் விமானம் தானாகவே அதை எதிர்நோக்கித் திரும்பிவிடும், காற்றுக்கு முதுகு காட்டித் திருப்புவது எளிதன்று. வலிந்து திருப்ப முயன்றால் வெளிப்பக்க மிதவை அமிழ்ந்து, இறக்கை நுனி நீரைத் தொட்டுவிடும். அத்தகைய வேளையில் மோட்டாரை நிறுத்திவிட்டு, காற்றே அதைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு வர விடுவது பாதுகாப்பானது.

புறப்படும்போது காற்றை நேராக எதிர்கொண்டு, எலிவேற்றரை மேலே பிடித்தபடி, மூன்று நான்கு நொடிகளில் சீராகத் த்ரொட்டிலை, அதாவது மோட்டாரின் வேகத்தை, கூட்ட வேண்டும். மூக்கு உயர்ந்து, பின் தாழ்ந்து, விமானம் படியின் மேல் ஏறியதும் எலிவேற்றரைத் தளர்த்திவிட வேண்டும். அதன்பின் நீர் தெறிக்கும் ஓசையே மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கேட்டுப் பழகியவர் ஓசையை வைத்தே அடுத்த அசைவைச் செய்வார். மூக்கு துள்ளத் தொடங்கினால், அந்தத் துள்ளலை எலிவேற்றரால் துரத்திப் பிடிக்க முயலாமல் த்ரொட்டிலைக் குறைத்துவிட்டு மறுபடி தொடங்குவதே வழி. விசித்திரம் என்னவென்றால், அலையே இல்லாத கண்ணாடி போன்ற நீர் நமக்கு நண்பனன்று. மிதவையை அது விடாமல் பற்றிக்கொள்கிறது. இறங்கும்போது மேற்பரப்பு எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடுவதும் இல்லை. மெல்லிய சிற்றலை இருக்கும் நாளே சிறந்தது. நீர் அசையாமல் கிடந்தால், விமானத்தையே ஒரு வட்டம் ஓட்டி அலை எழுப்பிவிட்டு அதன் குறுக்கே புறப்படலாம். மிதவையின் உயரத்தில் பாதிக்கு மேல் அலை எழும் நாளில் பெட்டியைத் திறக்காமலிருப்பது நல்லது. இறங்கும்போது மோட்டாரை முழுவதும் நிறுத்தாமல் சற்றே ஓடவிட்டு, மூக்கை இலேசாக உயர்த்திப் பிடித்து, படி முதலில் நீரைத் தொடும்படி விட வேண்டும்.

விமானம் நடு நீரில் நின்றுவிட்டால் நீந்திப் போய் எடுக்கும் எண்ணம் எவருக்கும் வரக்கூடாது. மே மாதத்தில் ஒன்ராறியோ ஏரிநீரின் குளிர் நல்ல நீச்சல்காரரையும் மூச்சுத் திணறச் செய்யும். கரையில் ஒரு கயாக்கும் உயிர்காப்பு அங்கியும் ஆயத்தமாக இருக்க வேண்டும். அருகில் நின்றுவிட்ட விமானத்துக்குத் தூண்டில் கோலின் நுனியில் கட்டிய ரெனிஸ் பந்து போதும். அதை விமானத்துக்கு அப்பால் எறிந்து, நூலை மிதவைக் கால்களில் சிக்கவைத்து மெதுவாகச் சுருட்டினால், விமானம் கரைக்கு வந்துவிடும்.

வீடு திரும்பியதும் செய்கிற வேலையே விமானத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. முதலில் பற்றரி வெளியே. எல்லா மூடிகளும் திறப்பு. முழு அளவு விமானங்களின் மிதவை அறைகளுக்கு மேலே சிறு துளைகள் உண்டு. விமானிகள் பறக்குமுன் கைப்பம்பால் அவற்றின் வழியாக நீரை இறைத்துவிட்டு, ரப்பர் பந்தால் அடைப்பார்கள். என் மிதவைகளிலும் மேற்தளத்தில் அப்படித் துளைகள் இட்டு ரப்பர் அடைப்பான் வைத்திருக்கிறேன். ஊசியில்லாத பெரிய சிரிஞ்சும் மெல்லிய குழாயும் பம்பின் வேலையைச் செய்கின்றன. அடைப்பானைத் திறந்து வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: வெயிலில் நிற்கும் காருக்குள் மூடிய மிதவையின் காற்று விரிந்தால் ஒட்டுகள் பிளந்துவிடும்.

உள்ளே நீர் தங்கியிருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. புதிதாக இருந்தபோதே ஒவ்வொரு மிதவையையும் சமையலறைத் தராசில் நிறுத்து, எடையை அதன் மேற்தளத்திலேயே அழியாத மையால் எழுதி வைத்திருக்கிறேன். காய்ந்தபின் நிறுக்கும்போது பத்து இருபது கிராம் கூடியிருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். குளியல் தொட்டியில் வெந்நீர் நிரப்பி மிதவையை அமிழ்த்திப் பிடித்தால், உள்ளிருக்கும் காற்று சூடாகி விரிந்து, கசியும் இடத்திலிருந்து குமிழிகளாக வெளிவரும். அந்த இடத்தைக் குறித்து, நன்றாக உலர்த்தி, எபாக்சியால் அடைத்துவிடலாம்.

பிரஷ்லெஸ் மோட்டாரின் சுருள்கள் நனைவதைப் பொறுத்துக்கொள்ளும். அதன் பேரிங்குகள் பொறுக்காது. ஒவ்வொரு பறப்பு நாள் முடிந்ததும் மோட்டாரின் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் ஒரு துளி மென்னெண்ணெய் விட்டு, புரொப்பெல்லரைக் கையால் சில சுற்றுகள் சுற்றிவிடுவேன். கடலில் பறக்கவிடுபவர் இதற்கு முன்பாக விமானம் முழுவதையும் நன்னீரால் கழுவ வேண்டும். உப்பு உலர்ந்தபின் கழுவுவதால் பயன் குறைவு. உலர்த்துவதற்கு மின்விசிறியே போதும். தலைமுடி உலர்த்தியின் சூட்டில் ஃபோம் வளைந்துவிடும்.

வரிக்குதிரைச் சிப்பிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரையோரக் கற்களில் அடர்ந்து கிடக்கும் அவற்றின் ஓடுகள் கத்திபோல் மிதவையின் அடியைக் கீறும். ஆகவே விமானத்தைக் கற்களின் மேல் இழுக்காமல் கையால் தூக்கியே எடுக்கிறோம். அவை ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்குப் பரவாதிருக்க, படகுகளைத் தரைவழியே கொண்டுசெல்லுமுன் நீரை வடித்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற விதி 2022 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் நடைமுறையில் இருக்கிறது. மாதிரி விமானத்தின் மிதவைக்குள் தங்கும் ஒரு கரண்டி நீரிலும் அவற்றின் குஞ்சுகள் பயணம் செய்யக்கூடும் என்பதால், வடிப்பதையும் உலர்த்துவதையும் ஏரிக்கரையிலேயே தொடங்கிவிடுகிறோம்.

ஃபோமில் விழும் சிறு பள்ளங்களைக் கொதிநீரில் நனைத்த துணியால் ஒற்றினால் அவை மீண்டும் உப்பி எழும். மூன்று செல் பற்றரியைப் பறக்காத நாட்களில் முழுச் சார்ஜில் வைக்காமல், செல் ஒன்றுக்கு 3.8 வோல்ற் அளவில், தீப்பிடிக்காத பையில் வைக்க வேண்டும். குளிர்காலத்துக்கு முன் மிதவைகளைக் கழற்றிச் சுவரில் தொங்கவிடுகிறேன். அடிப்பக்கம் தரையில் அழுந்தியபடி மாதக்கணக்கில் கிடந்தால் படியின் விளிம்பு மழுங்கிவிடும். அதே தாங்கிகளில் பனிச்சறுக்குக் கட்டைகளைப் பூட்டினால் உறைந்த ஏரியிலும் பீவர் பறக்கும். ஏரியின் மேல் நடப்பதற்குக் குறைந்தது 15 சென்ரிமீற்றர் தடிப்புள்ள பனிக்கட்டி வேண்டும் என்பது இங்குள்ள அறிவுறுத்தல். பற்றரியைப் புறப்படும் கணம்வரை மேலங்கியின் உள்பையில் வைத்திருப்பேன். குளிர்ந்த லிப்போ பாதித் தொலைவில் வலுவிழந்துவிடும்.